பழைய சாமான் கடையில் முதலில் எடுக்க வேண்டிய புத்தகம்

இலங்கையின் மற்ற ஊர்களைப் போலவே, மட்டக்களப்பு வாவிக்கரையில் இருக்கும் காத்தான்குடியிலும் பழைய சாமான் எடுப்பவர்கள் இருக்கிறார்கள். இரும்பு, பித்தளை, போத்தல், பிளாஸ்டிக் எல்லாம் தனித்தனியாகப் பிரிபடும். காகிதம் ஒரு மூலையில் சேரும். எழுதி முடித்த கொப்பிகள், போன வருடத்து வினாத்தாள்கள், செய்தித்தாள்கள் என்று கிடக்கும் அந்தக் குவியலில் எப்போதாவது ஒரு சிறுவர் நூல் அகப்படும். அட்டை கிழிந்திருக்கும், ஓரங்கள் மடங்கியிருக்கும், உள்ளட்டையில் யாரோ ஒரு பிள்ளை பென்சிலால் எழுதிய பெயர் இருக்கும். அதன் விலையைத் தராசுதான் சொல்லும். யாரும் எடுக்காவிட்டால் அது கடலைச் சரையாகும், இல்லாவிட்டால் காகித ஆலைக்குப் போகும். அந்தப் புத்தகத்தை எடுக்க வேண்டும், எடுத்து வாசிக்க வேண்டும், முடிந்தால் ஒரு பிள்ளையைப் பக்கத்தில் இருத்திக்கொண்டு வாசிக்க வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் வாதம். இந்த வாவிக்கரை தன் பிள்ளைகளுக்கு எதை வாசிக்கக் கொடுத்தது என்று கேட்டால், அதற்கான சாட்சியத்தில் பெரும்பகுதி இன்று அந்தத் தராசுத் தட்டில்தான் கிடக்கிறது.

சாட்சியம் அங்கே போய்ச் சேர்ந்ததற்குக் காரணம் உண்டு. பெரியவர்களின் நூலை யாரும் திறக்காவிட்டாலும் அது அலுமாரியில் மரியாதையோடு இருக்கும். சிறுவர் நூலுக்கு அந்த மரியாதை கிடையாது. அக்கா வாசித்தது தம்பிக்குப் போகும், தம்பியிடமிருந்து பக்கத்து வீட்டுக்குப் போகும். வழியில் படங்களுக்கு வர்ணம் ஏறும், சில படங்கள் கத்தரிக்கு இரையாகும். பிள்ளைகள் எவ்வளவு விரும்பினார்களோ அவ்வளவு சீக்கிரம் அந்தப் பிரதி அழிந்துபோகும். நூலகங்களும் இதற்கு விதிவிலக்கல்ல. சிறுவர் பகுதியில் கிழிந்த நூலைக் கழித்துவிட்டுப் புதியது வைப்பது அவற்றின் நியாயமான வேலை. ஆறுமுக நாவலர் 1850களில் தொடங்கிய பாலபாட வரிசை நூறாண்டுக்கு மேல் மறுபடி மறுபடி அச்சானது. எத்தனையோ தலைமுறைகள் அதில் எழுத்துக் கூட்டிப் படித்தன. அந்தப் பிரதிகளில் மிகப் பெரும்பாலானவை பிள்ளைகளின் கைகளிலேயே முடிந்துபோயின. நாவலரின் சைவ நூல்களுக்கும் வாதப் பிரதிகளுக்கும் கிடைத்த காவல் அவற்றுக்குக் கிடைக்கவில்லை. இலக்கிய வரலாறு எழுதுகிறவர்களும் நாவலுக்கும் கவிதைக்கும் அத்தியாயங்கள் ஒதுக்கிவிட்டுச் சிறுவர் இலக்கியத்துக்குக் கடைசியில் இரண்டு பக்கம் கொடுப்பதுதான் வழக்கம்.

மட்டக்களப்புக்கு இதற்கு மேலும் சில காரணங்கள் உண்டு. 1957 வெள்ளத்தை ஊரில் மூத்தவர்கள் இன்னும் ஒரு காலக் கணக்காகவே சொல்வார்கள். 1978 நவம்பர் 23 இரவு அடித்த சூறாவளி மாவட்டம் முழுக்கக் கூரைகளைக் கொண்டுபோனது. 2004 டிசம்பர் 26 காலையில் கடல் உள்ளே வந்தது. இவற்றுக்கு நடுவே போர். வீட்டை விட்டு ஓட வேண்டி வந்தபோது சனங்கள் அடையாள அட்டையையும், காணி உறுதியையும், பிறப்புச் சான்றிதழையும், கைக்கு அகப்பட்ட நகையையும் எடுத்துக்கொண்டார்கள். பிள்ளையின் கதைப்புத்தகத்தை எடுத்துவைக்க அந்த நேரத்தில் யாருக்குத் தோன்றும்? 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது அழிந்த நூல்கள் ஏறத்தாழ 97,000 என்று சொல்ல நம்மிடம் ஓர் எண் இருக்கிறது. வீடு வீடாக அழிந்த சிறுவர் நூல்களுக்கு எண் கிடையாது, எனவே அவற்றை ஓர் இழப்பாக நாம் எண்ணியதே இல்லை.

கடையில் கிடைப்பதை வைத்து, அந்தக் காலத்துப் பிள்ளைகள் இதைத்தான் வாசித்தார்கள் என்று முடிவு கட்டுவதும் தவறாகிவிடும். பழைய நூல்களுக்குள் நல்ல நிலையில் அகப்படுகிறவற்றில் மாஸ்கோவில் அச்சான தமிழ் நூல்கள் கணிசமானவை. முன்னேற்றப் பதிப்பகமும் பின்னாளில் ராதுகா பதிப்பகமும் வெளியிட்ட அவை, இடதுசாரிக் கட்சிகளின் புத்தகசாலைகள் வழியாக மலிவு விலையில் பரவின. தடித்த அட்டை, நூலால் தைத்த கட்டு, கனமான தாள். நாற்பது வருடம் கழித்தும் நிமிர்ந்து நிற்கின்றன. அதே காலத்தில் உள்ளூரில் அச்சான ஒரு சிறுவர் நூலை எடுத்துப் பாருங்கள். முப்பத்திரண்டு பக்கம், செய்தித்தாளுக்குப் போடும் தாள், முதுகில் இரண்டு இரும்புக் கம்பி. ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் வாவியும் இருக்கிற ஊரில் அந்தக் கம்பி துருப்பிடிக்க அதிக காலம் வேண்டாம். கம்பியைச் சுற்றித் தாள் முதலில் பழுப்பாகிறது, பிறகு பொடியாகிறது. நடுத்தாள் கழன்று விழுகிறது, அதோடு பதினைந்து முதல் பதினெட்டு வரையான பக்கங்கள் போகின்றன, பெரும்பாலும் கதையின் முடிச்சு இருக்கும் இடம் அதுதான். அடுத்து அட்டை போகிறது. அட்டை போனால் தலைப்பும், எழுதியவர் பெயரும், அச்சகத்தின் பெயரும் சேர்ந்தே போகின்றன. மிஞ்சுவது பெயரில்லாத இருபத்தெட்டுப் பக்கம்.

ஆகவே தடித்த அட்டைக்காரன் பிழைத்தது அவனை எல்லாரும் வாசித்ததால்தான் என்று சொல்ல முடியாது. மெலிந்த நூல் காணாமல் போனது, அதை யாரும் வாசிக்காததாலும் அல்ல. ஈழத்துத் தமிழ் நூலுக்கு ஆயிரம் பிரதி என்பதே பெரிய எண்ணிக்கை. அந்த ஆயிரத்தில் கால் நூற்றாண்டு தாக்குப்பிடித்தவை எத்தனை இருக்கும் என்று யோசித்தால், குவியலில் கிடக்கும் அட்டையில்லாத மெல்லிய நூலின் பெறுமதி விளங்கும். இரண்டில் ஒன்றைத்தான் எடுக்க முடியும் என்றால் மெல்லியதை எடுங்கள் என்பேன். மாஸ்கோ நூலுக்கு வேறொரு பிரதி வேறெங்காவது இருக்கும்.

இப்படிச் சொல்வதால் மாஸ்கோ நூலை வாசிக்க வேண்டாம் என்று ஆகாது. அலெக்சாந்தர் ரஸ்கின் எழுதிய 'அப்பா சிறுவனாக இருந்தபோது' என்ற நூலைப் பார்க்கலாம். தமிழாக்கியவர் நா. முகம்மது செரீபு. அடிக்கடி நோயில் விழுந்த தன் மகள் கதை கேட்டு அடம்பிடித்தபோது, சொல்ல வேறு கதை இல்லாமல் தன் சின்ன வயதுக் குறும்புகளையே ரஸ்கின் சொல்லத் தொடங்கினார். அவைதான் நூலாயின. முதல் கதையில், ஒரு சிறு நகரத்தில் வாழும் அப்பாவுக்கு மாஸ்கோவிலிருந்து அழகான பெரிய பந்து ஒன்று வந்திருக்கிறது. கார் என்பதே அபூர்வமாக வரும் தெருவில் ஒரு கார் வருகிறது. அதன் அடியில் பந்தைப் போட்டால் என்ன ஆகும் என்று பார்க்க அப்பாவுக்கு ஆசை. போட்டுவிடுகிறார். பந்து வெடித்துப்போகிறது, அப்பா அழுகிறார். இன்னொரு கதையில் என்னவாக வேண்டும் என்று கேட்பவர்களுக்கு அப்பா நாளுக்கு ஒரு பதில் சொல்லி, ஒரு கட்டத்தில் நாயாகப் போவதாகவும் தீர்மானிக்கிறார். நம் சிறுவர் நூல்களில் தகப்பன் என்றால் புத்தி சொல்பவர். இங்கே தகப்பனே குற்றவாளி. தன் பிழையைத் தானே மகளுக்குச் சொல்லிச் சிரிக்கிறார், யாரும் சொல்லாமலே மகள் தன் பாடத்தை எடுத்துக்கொள்கிறாள். உபதேசத்தை இவ்வளவு நேர்த்தியாக உள்ளே ஒளித்துவைத்த சிறுவர் நூல் தமிழுக்கு வந்தவற்றில் குறைவு.

பனி பெய்யும் நாட்டுக் கதை, பனியையே காணாத காத்தான்குடிப் பிள்ளைக்கு எதற்கு என்று கேட்பார்கள். பந்தைக் காருக்கு அடியில் போட்டுப் பார்க்கும் ஆசைக்குப் பனி தேவையில்லை. தேசத் தூரம் பிள்ளைகளுக்கு ஒரு தடையாக இருந்ததே இல்லை. சென்னையிலிருந்து வந்த அம்புலிமாமாவின் வேதாளமும் இங்கே யாருக்கும் அறிமுகமான ஆள் இல்லைதான், ஆனாலும் அது முருங்கை மரம் ஏறியதை இந்தக் கரைப் பிள்ளைகள் மூச்சுப் பிடித்து வாசித்தார்கள். உண்மையான தடை வேறு இடத்தில் இருக்கிறது. அது நடை. மாஸ்கோ நூல்கள் சிலவற்றில் வாக்கியங்கள் நீளமானவை, பெயர்கள் வாயில் நுழையாதவை, எட்டு வயதுப் பிள்ளை தனியாக வாசித்தால் மூன்றாம் பக்கத்தில் வைத்துவிடும். உரக்க வாசித்துக் காட்டினால் இது தீர்ந்துபோகிறது. வாசித்துக் காட்டும் வாப்பாவோ உம்மம்மாவோ நீண்ட வாக்கியத்தை இரண்டாக உடைப்பார், புத்தகத் தமிழை ஊர்த் தமிழாக்குவார், விளங்காத இடத்தில் நின்று விளக்கிவிட்டுப் போவார். பழைய நூலுக்கு உயிர் வருவது இப்படித்தான். அலுமாரிக்குள் கண்ணாடிக்குப் பின்னால் வைத்தால் அது வராது.

உள்ளூர் நூல்களுக்கு வருவோம். 1935இல் வட இலங்கைத் தமிழாசிரியர் சங்கம் 'பிள்ளைப் பாட்டு' என்ற தொகுப்பை வெளியிட்டது. பிள்ளைகளுக்குப் பிள்ளைகளின் மொழியில் பாட்டு வேண்டும் என்ற தெளிவு அன்றே இங்கே இருந்ததற்கு அது அத்தாட்சி. நவாலியூர் சோமசுந்தரப் புலவரின் ஆடிப்பிறப்புப் பாட்டும் கத்தரித்தோட்டத்து வெருளியும் நூல் இல்லாமலே வாய்வழியாகப் பல தலைமுறை கடந்தன. கிழக்குக்கென்று ஒருவரைச் சொல்ல வேண்டுமானால் மாஸ்டர் சிவலிங்கம். காத்தான்குடிக்கு வடக்கே ஒட்டிக்கொண்டிருக்கும் மஞ்சந்தொடுவாய்க்காரர். மேடையிலும் வானொலியிலும் பாடசாலை மண்டபங்களிலும் கதை சொன்னவர், பத்திரிகைகளின் சிறுவர் பகுதிகளில் எழுதியவர். 'பயங்கர இரவு', 'அன்பு தந்த பரிசு' போன்ற நூல்களின் ஆசிரியர். 2022 மே மாதம் காலமானார். உடம்பையும் முகத்தையும் குரலையும் மாற்றிக் கதை சொல்வது அவருடைய கலை. அது அவரோடு போய்விட்டது. தாளில் இருப்பதுதான் மிச்சம், அந்தத் தாளோ இரும்புக் கம்பி போட்டு அடித்த தாள்.

அவருடைய கதைகளைக் கேட்டது தமிழ்ப் பிள்ளைகள் மட்டுமல்ல, முஸ்லிம் பிள்ளைகளும்தான். கல்லடி, மஞ்சந்தொடுவாய், காத்தான்குடி, ஆரையம்பதி என்று ஒரே வீதியில் அடுத்தடுத்து வரும் ஊர்களில் வானொலி எல்லா வீட்டுக்கும் ஒரே கதையைத்தான் சொன்னது. 1990 ஆகஸ்ட் 3 அன்று இரவுத் தொழுகையில் நின்றவர்கள் காத்தான்குடியின் இரண்டு பள்ளிவாசல்களில் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு, அடுத்தடுத்த தமிழ், முஸ்லிம் ஊர்களின் பிள்ளைகள் ஒருவரையொருவர் தெரியாமலே வளர்ந்தார்கள். அதற்கு முன்னே அச்சான ஒரு கதைப்புத்தகம் இப்போது கடையில் அகப்படும்போது, இரண்டு ஊர்ப் பிள்ளைகளும் ஒரே கதையை வாசித்த காலம் ஒன்று இருந்தது என்பதற்கு அது கையில் தொடக்கூடிய ஆதாரம். இதைச் சொல்லிக் காயத்தைச் சிறிதாக்க முடியாது, ஆக்கவும் கூடாது. ஆனால் பொதுவாக இருந்ததையும் காயத்தோடு சேர்த்து மறந்துவிட வேண்டிய கட்டாயம் நமக்கில்லை.

பழைய சிறுவர் நூல்களில் கிடக்கும் பழைய எண்ணங்களை என்ன செய்வது என்பது கனமான கேள்வி, தட்டிக்கழிக்க முடியாது. பிரம்படியை நல்லதென்று சொல்லும் கதைகள் உண்டு. கறுப்பு நிறத்தைக் கேலி செய்யும் பாட்டுகள் உண்டு. பெண்பிள்ளை என்றால் அடுக்களையில் மட்டும் வரும் கதைகள் ஏராளம். சாதித் தொழிலை வைத்துச் சிரிக்கவைப்பவையும் இருக்கின்றன. எல்லாவற்றையும் பிள்ளையின் கையில் கொடுத்துவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. முதலில் பெரியவர் வாசிக்க வேண்டும். சிலதைப் பிள்ளைக்குக் காட்டாமல் ஆவணமாக மட்டும் வைத்துக்கொள்ள வேண்டியிருக்கும். சிலதை வாசித்துக்கொண்டே நிறுத்தி, இது சரியா என்று கேட்கலாம். பத்து வயதுப் பிள்ளை இந்தக் கேள்விக்குத் தயங்காமல் பதில் சொல்லும், பெரும்பாலும் நம்மைவிடக் கூர்மையாக. கூடாததை எல்லாம் காகித ஆலைக்கு அனுப்பிவிட்டால், நாம் எங்கிருந்து இங்கே வந்தோம் என்று காட்ட எதுவும் மிஞ்சாது.

காத்தான்குடி போல மார்க்கப் பற்றுள்ள முஸ்லிம் ஊரில் வேறொரு தயக்கமும் எழும். ராஜா ராணிக் கதையும் பூதக் கதையும் பிற சமயத்துப் படங்களும் பிள்ளையின் ஈமானுக்கு ஒத்துவருமா என்று ஒரு தாய் கேட்டால், அந்தக் கவலையை மதிக்கத்தான் வேண்டும். எதை வாசித்துக் காட்டுவது என்று தெரிவு செய்யும் உரிமை அவருடையது. ஆனால் கதை என்பதே வெளியிலிருந்து வந்த பொருள் என்று நினைப்பது நம் சொந்தச் சொத்தை மறப்பதாகும். 1572இல் வண்ணப் பரிமளப் புலவர் பாடிய ஆயிர மசலா, கேள்வி பதிலாகவே கதை நகர்த்தும் நூல். கிஸ்ஸா, நாமா, படைப்போர், மாலை என்று தமிழ் முஸ்லிம்கள் கதை சொல்ல வளர்த்த வகைகளே பல. மார்க்கமும் கதையும் ஒரே திண்ணையில் உட்கார்ந்திருந்த மரபு அது. சித்திலெப்பை 'அசன்பே சரித்திரம்' எழுதிய 1885ஆம் ஆண்டில் தமிழில் நாவல் என்பதே கைக்குழந்தை. கதைக்கு அஞ்சிய சமூகமாக இருந்திருந்தால் அப்படி ஒன்று வந்திருக்காது.

எல்லாம்தான் இணையத்தில் ஏறிவிடுகிறதே, கிழிந்த தாளோடு ஏன் மல்லுக்கட்ட வேண்டும் என்பவர்களும் இருக்கிறார்கள். 2005இல் தொடங்கிய 'நூலகம்' என்ற எண்ணிம நூலகம் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் பக்கம் பக்கமாகப் படியெடுத்து யாரும் இலவசமாக வாசிக்கும்படி வைத்திருப்பது, நம் காலத்துப் பெரும்பணிகளில் ஒன்று. ஆனால் படியெடுக்க முதலில் பிரதி வேண்டுமே. தராசில் போய்விட்ட நூலை எந்தக் கமராவும் படமெடுக்காது. பதினாறாம் பக்கம் இல்லாத பிரதி இங்கே ஒன்று, பதினாறாம் பக்கம் மட்டும் இருக்கும் பிரதி இன்னொரு ஊரில் ஒன்று என்று கிடைத்தால்தான் ஒரு நூல் முழுமையாகும். அதற்கு இரண்டு ஊரிலும் யாராவது அந்தக் கிழிசலைக் குனிந்து எடுத்திருக்க வேண்டும்.

அப்படிக் குனிந்தவர்களால்தான் பெரிய சேகரங்கள் உருவாயின. தமிழகத்தின் கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதும் ஓவியராக இருந்த முத்தையா, யாரும் சீந்தாத துண்டுப் பிரசுரங்களையும் பாட்டுப் புத்தகங்களையும் கூடச் சேர்த்தார். அவர் 1992இல் மறைந்த பிறகு, ஏறத்தாழ ஒரு இலட்சம் உருப்படிகள் கொண்ட அந்தச் சேகரம் 1994இல் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமாயிற்று. அமெரிக்காவில் ரூத் பால்ட்வின் என்ற நூலகவியல் பேராசிரியை பழைய சாமான் கடைகளில் அலைந்து சிறுவர் நூல்களை மட்டுமே வாங்கினார். அவரது சேகரம் புளோரிடாப் பல்கலைக்கழகத்தில் இன்று ஒரு இலட்சத்தைத் தாண்டி நிற்கிறது. மற்றச் சேகரிப்பாளர்கள் அப்பழுக்கில்லாத பிரதி தேட, பால்ட்வினுக்குப் பிள்ளைகள் கிறுக்கிய பிரதியே பெரிதாக இருந்தது. அவர் கணக்குத்தான் சரி. உள்ளட்டையில் இருக்கும் பாடசாலை முத்திரை, பரிசளித்த ஆண்டு, அண்ணன் பெயரை வெட்டிவிட்டு எழுதிய தங்கையின் பெயர், அரக்கனுக்கு வரைந்த மீசை, ஒரு சொல்லுக்குக் கீழே எழுத்துக் கூட்டிய அடையாளம், இவையெல்லாம் அந்த நூலை ஒரு பிள்ளை உண்மையாகவே வாசித்ததற்கான பதிவுகள். ஆசிரியர்கள் எதைப் படிப்பித்தார்கள் என்பதை அரசாங்கக் கோப்புகளில் தேடலாம், பிள்ளை எந்தப் பக்கத்தில் நின்றது என்பதை இங்கே மட்டுந்தான் பார்க்கலாம். எனவே அகப்பட்ட நூலை அழிப்பானால் துடைத்துச் சுத்தம் செய்வது நல்லெண்ணத்தோடு செய்யும் கெடுதி. துருப்பிடித்த கம்பியை மெதுவாகக் கழற்றிவிட்டுப் பருத்தி நூலால் தைத்தால் போதும். பிளாஸ்டிக் ஒட்டுநாடாவைக் கிட்டேயும் கொண்டுபோகக் கூடாது, அதன் பசை சில வருடங்களில் தாளைத் தின்றுவிடும்.

இலங்கையில் ஒக்டோபர் தேசிய வாசிப்பு மாதம். அந்த மாதத்தில் பாடசாலைகளும் நூலகங்களும் கண்காட்சியும் பேச்சுப் போட்டியும் வைக்கின்றன. அவற்றோடு, வீட்டிலும் கடையிலும் கிடக்கும் பழைய சிறுவர் நூல் ஒன்றைக் கொண்டுவரச் சொல்லி, அதைக் கொண்டுவந்த பிள்ளையே மேடையில் ஒரு கதை வாசிக்கும்படி காத்தான்குடியிலும் ஆரையம்பதியிலும் ஒரே நாளில் செய்து பார்க்கலாம். செலவு எதுவும் இல்லை. பழைய காகிதம் எடுப்பவரிடம் சொல்லிவைத்தால் அவரும் ஒதுக்கிவைப்பார், காகித விலையைவிட இருபது ரூபாய் கூடக் கிடைத்தால் அவருக்கும் அது நட்டமில்லை.

படியெடுத்துப் பரப்புவதற்குப் பதிப்புரிமை குறுக்கே நிற்காதா என்ற கேள்வி நியாயமானது. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்க புலமைச் சொத்துச் சட்டப்படி ஆசிரியரின் வாழ்நாளுக்குப் பிறகு 70 ஆண்டுகள் உரிமை தொடரும். சோமசுந்தரப் புலவர் மறைந்தது 1953இல். அவர் பாடல்களுக்கான காலம் 2023உடன் முடிந்துவிட்டது, யாரும் அச்சிடலாம், பிள்ளைகளுக்கு இலவசமாகவே கொடுக்கலாம். மாஸ்டர் சிவலிங்கத்தின் கதைகளுக்கு அந்தக் காலம் 2092 வரை போகும். அதுவரை காத்திருந்தால் எந்தத் தாளும் மிஞ்சாது. அவருடைய நூல்களை மறுபடி அச்சிட விரும்புகிறவர்கள் உரிமை உள்ளவர்களிடம் முறையாக அனுமதி கேட்கலாம். அதைக் கேட்பதற்கு முன்னால், அட்டையோடும் நடுத்தாளோடும் ஒவ்வொரு நூலிலும் ஒரு முழுப் பிரதியைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும்.